சுகர் மருந்து, எடை குறைக்கும் ஊசி, கர்ப்பம்: பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருந்தாளுநராக வேலை செய்கிறேன். சுகருக்கும் எடை குறைக்கவும் போடும் செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசிகள் பரவலான பிறகு அவற்றை வாங்க வரும் பெண்கள் கேட்பதெல்லாம் எத்தனை கிலோ குறையும், குமட்டல் எப்போது நிற்கும் என்றுதான். குழந்தையைப் பற்றிய கேள்வி பிறகுதான் வருகிறது, பல நேரம் கையில் பாசிட்டிவ் காட்டிய டெஸ்ட் பட்டையோடு வருகிறது. முதல் ஊசிக்கு முன்பே யாராவது இதைப் பேசியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனது கிடந்து அடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பக்கம். மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை மட்டும் வைத்து மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ செய்யாதீர்கள்.

இந்த மருந்துகளால் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு கூடுமா, குறையுமா?

எடையும் இன்சுலின் எதிர்ப்பும் காரணமாக மாதாமாதம் கருமுட்டை வெளிவராமல் இருந்த பெண்களுக்குப் பெரும்பாலும் கூடும். மருந்து நேராக சினைப்பைக்குப் போய் ஏதோ செய்வதாக நினைக்க வேண்டாம். நடப்பது சுற்றுவழியில்.

உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கல்லீரலும்தான் பணிய மறுக்கின்றன, சினைப்பையோ அந்த அதிக இன்சுலினுக்கு நன்றாகவே பதில் சொல்கிறது, ஆண்தன்மை ஹார்மோன்களை அதிகம் தயாரிக்கிறது. இன்னொரு பக்கம் அந்த ஹார்மோன்களைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாக உண்டாக்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்தால் முட்டை பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடும். மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போகும். இன்சுலின் அளவு இறங்கினால் இந்தச் சங்கிலி தளர்கிறது. பல பெண்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே போதும், முட்டை மறுபடி வெளிவர ஆரம்பித்துவிடும். 90 கிலோ உள்ளவருக்கு அது ஐந்து கிலோவில்கூடத் தொடங்கலாம். புதிய ஊசிகள் தரும் குறைவு இதைவிட மிக அதிகம். செமாகுளுடைட்டின் பெரிய சோதனை ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் அளவுக்கு எடை குறைந்தது, டிர்செபடைட்டின் மிக அதிக அளவில் 72 வாரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது.

எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை). பீரியட்ஸ் ஒழுங்காக வருவதே இல்லை, கர்ப்பம் ஆவது கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கெதற்குக் கருத்தடை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு பிசிஓஎஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பலருக்கு ஏதோ ஒரு வயதில், ஏதோ ஓர் அறையில், 'உனக்குக் குழந்தை கஷ்டம்தான்' என்று சொல்லப்பட்டிருக்கும். அந்த ஒரு வாக்கியம் மனதில் அப்படியே தங்கிவிடுகிறது. ஐந்து வருடம், பத்து வருடம் கருத்தடையே இல்லாமல் ஒன்றும் நடக்காமல் போனால், தனக்கு ஆகவே ஆகாது என்று முடிவே செய்துவிடுகிறார்கள். ஆனால் கஷ்டம் என்பது வேறு, முடியாது என்பது வேறு. முட்டை அபூர்வமாக வெளிவந்ததால்தான் கஷ்டமாக இருந்தது. இப்போது அந்தத் தடையையே மருந்து எடுத்துவிடுகிறது.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பீரியட்ஸ் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உடலில் வரிசை தலைகீழ்: முதலில் முட்டை வெளிவரும், சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் ரத்தப்போக்கு வரும். ஆறு மாதமாக பீரியட்ஸே வராத பெண்ணுக்கு முதல் முட்டை வெளிவந்ததை எந்த அறிகுறியும் காட்டிக்கொடுக்காமல் போகலாம். அந்த வாரத்திலேயே கரு தங்கிவிட்டால், வராத பீரியட்ஸ் வழக்கம்போல வரவில்லை என்றே தோன்றும், குமட்டல் ஊசியால் வந்தது என்றே தோன்றும். சோர்வுக்கும் அதே காரணம்தான் சொல்லிக்கொள்வோம். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட முடியும். அதனால் குழந்தை இப்போது வேண்டாம் என்றால் ஊசி தொடங்கும் நாளிலிருந்தே கருத்தடை வேண்டும். 2023-இல் வந்த பன்னாட்டு பிசிஓஎஸ் வழிகாட்டுதலும் இந்த வகை மருந்தோடு நம்பகமான கருத்தடையும் சேர்ந்தே போக வேண்டும் என்கிறது. ஏற்கெனவே சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்துகொள்வது நல்ல பழக்கம் என்பது என் கருத்து.

கருத்தடை மாத்திரை தவறாமல் சாப்பிட்டேன், ஆனாலும் கர்ப்பம். எப்படி?

இது டிர்செபடைட், அதாவது மௌன்ஜாரோ, ஸெப்பவுண்ட் என்ற பெயர்களில் வரும் மருந்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது. இந்த ஊசிகள் வயிறு காலியாகும் வேகத்தைக் குறைக்கின்றன. பசி அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். வயிற்றில் உணவு தங்குவதுபோல மாத்திரையும் தங்கும். டிர்செபடைட் 5 மில்லிகிராம் ஒரே ஒருமுறை போட்ட பிறகு அளந்து பார்த்ததில், கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவு 59 சதவீதம் குறைந்திருந்தது. உடலுக்குள் சேர்ந்த மொத்த அளவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வயிறு மந்தமாவது முதல் ஊசிக்குப் பிறகுதான் மிக அதிகம், உடல் பழகப் பழக அது தணியும். அளவைக் கூட்டும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும்.

அதனால்தான் மருந்தின் குறிப்புத் தாளிலேயே, மாத்திரையை நம்பியிருப்பவர்கள் தொடங்கிய பின் 4 வாரமும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் 4 வாரமும் ஆணுறை போன்ற இன்னொரு தடுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது வாய்வழி அல்லாத முறைக்கு மாற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான்கு வாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2.5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே 15 வரை போகிறவருக்கு ஒரு நான்கு வாரம் முடியும்போது அடுத்த நான்கு வாரம் தொடங்கிவிடும், கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு மாதம். ஆறு மாதம் இரண்டு முறைகளை நினைவில் வைத்து நடப்பதைவிட கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, ஹார்மோன் ஐயூடி, கையில் வைக்கும் இம்பிளான்ட் போன்ற, வயிற்றோடு சம்பந்தமே இல்லாத ஒன்றுக்கு மாறிவிடுவது நிம்மதி. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

செமாகுளுடைட், அதே வகையைச் சேர்ந்த லிராகுளுடைட் மருந்துகளைச் சோதித்தபோது மாத்திரையின் மொத்த உறிஞ்சுதலில் இப்படிப்பட்ட குறைவு தெரியவில்லை. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் எல்லா ஊசிக்கும் பொது. மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரையைப் போட்டதாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

மெட்ஃபார்மின் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்கிறார்களே?

உதவும், ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். 1957 முதல் சுகருக்குத் தரப்படும் பழைய, நன்றாகப் பழகிய மருந்து. இன்சுலின் எதிர்ப்பைக் குறைப்பதால் சிலருக்குச் சுழற்சி திரும்புகிறது. 2007-இல் வெளியான, பிசிஓஎஸ் உள்ள 626 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் 7.2 சதவீதம். முட்டையைத் தூண்டும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 26.8. பிறகு 2014-இல் லெட்ரோசோல் என்ற மாத்திரை குளோமிஃபீனை முந்தியது, 19.1-க்கு எதிராக 27.5 சதவீதம். இன்று பிசிஓஎஸ்ஸில் முட்டை வெளிவர முதல் தேர்வு லெட்ரோசோல்தான். ஆக, ஒரு வருடமாக மெட்ஃபார்மின் மட்டும் போட்டுக்கொண்டு காத்திருக்கிறீர்கள் என்றால், அடுத்த கட்டம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், கர்ப்பத்துக்கு முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறோம். ஊசியை எப்போது நிறுத்த வேண்டும்?

மருந்துக்கு மருந்து மாறும். செமாகுளுடைட் என்றால், அது ஒசெம்பிக்கோ வெகோவியோ ரைபெல்சஸ் மாத்திரையோ, குறைந்தது 2 மாதம் முன்பு. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், முழுதாக வெளியேற ஐந்து வாரம் வரை ஆகும், அதற்கு மேலும் கொஞ்சம் இடைவெளி வைத்துச் சொன்ன கணக்கு இது. டிர்செபடைட்டை 1 மாதம் முன்பு நிறுத்தச் சொல்லி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூனில் அறிவுறுத்தியது. வாரம் ஒருமுறை போடும் எக்ஸெனடைட்டுக்கு அதே அமைப்பு சொல்வது 12 வாரம். தினமும் போடும் லிராகுளுடைட் சீக்கிரம் வெளியேறிவிடும்.

இந்த இடைவெளியில் கருத்தடையை விட்டுவிடாதீர்கள். ஊசியை நிறுத்திய அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். மருந்து வெளியேறும் அந்த மாதங்கள்தான் முட்டை நன்றாக வெளிவரும் மாதங்களாகவும் இருக்கும்.

தெரியாமல் கர்ப்பமாகிவிட்டேன், போன வாரம்கூட ஊசி போட்டேன். கலைக்க வேண்டுமா?

மருந்துக்குப் பயந்து மட்டும் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். அடுத்த ஊசியைப் போடாமல் நிறுத்துங்கள், மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். விலங்குச் சோதனைகளில் கரு இழப்பும் உறுப்புக் குறைபாடுகளும் தெரிந்தன, ஆனால் அதே விலங்குகள் மருந்தால் தீனி குறைந்து எடையும் இழந்திருந்தன. மனிதர்களிடம் திட்டமிட்டுச் சோதிக்க முடியாது, தற்செயலாக மருந்து பட்ட கர்ப்பங்களைத்தான் பார்க்க முடியும். ஆறு நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2023 இறுதியில் வெளியான ஆய்வில், டைப் 2 சுகரோடு கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த வகை மருந்து எடுத்த 938 பேரைப் பார்த்தார்கள். பெரிய பிறவிக் குறைபாடுகளின் விகிதம் இன்சுலின் எடுத்தவர்களைவிடப் பெரிதாகக் கூடியிருக்கவில்லை. இதைப் பாதுகாப்பு என்று சான்றிதழ் தருவதற்குப் பயன்படுத்த முடியாது, கர்ப்பத்தில் தொடரலாம் என்றும் அர்த்தமில்லை. ஆனால் தெரியாமல் போட்ட சில ஊசிகளுக்காக இரவெல்லாம் அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்கு இது ஆறுதலான செய்திதான்.

சுகருக்காக ஊசி போட்டவர்கள் இன்னும் வேகமாகச் செயல்பட வேண்டும். ஊசியை நிறுத்திவிட்டு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை சும்மா இருந்தால் சுகர் ஏறிவிடும். முதல் வாரங்களில் கருவுக்கு உறுதியான ஆபத்து அந்த உயர்ந்த சுகர்தான்.

அப்படியென்றால் சுகர் உள்ளவர்கள் ஊசியை நிறுத்திவிட்டு என்ன செய்வது?

மாற்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் அது இன்சுலின், பலருக்கு மெட்ஃபார்மினும் தொடரும். இன்சுலின் என்ற சொல்லைக் கேட்டாலே நோய் முற்றிவிட்டது என்று பயப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அவர்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன்: நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் பெரிதாகப் போகாத மருந்து என்பதால்தான் கர்ப்பத்தில் இன்சுலின் முதல் இடத்தில் இருக்கிறது.

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு தங்கிய சுமார் 28 நாளில் மூடிவிடும். பீரியட்ஸ் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும் அப்போது, பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. ஆகவே சுகரைக் கர்ப்பம் தெரிந்த பிறகு குறைப்பது தாமதம். இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்த பின் முயற்சி செய்வது நல்லது, 10-க்கு மேல் இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள் என்றே பிரிட்டனின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஃபோலிக் அமிலமும் முன்பே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும், சுகர் உள்ளவர்களுக்குப் பல இடங்களில் 5 மில்லிகிராம் எழுதித் தருகிறார்கள், அது மருந்துச் சீட்டில் வர வேண்டிய அளவு. கூடவே ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்டான் வகைகளோ கொழுப்புக்கு ஸ்டாட்டினோ சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து இந்த மாத்திரைகளை எல்லோரும் மறந்துவிடுகிறோம், ரத்த அழுத்த மாத்திரையை மாற்றாமல் விட்டால் கருவின் சிறுநீரகம் வரை பாதிக்கப்படலாம்.

மற்ற மாத்திரைகள்?

பியோகிளிட்டசோன் இன்சுலின் எதிர்ப்பைக் குறைப்பதால் நின்றுபோன முட்டை வெளியேற்றத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று அதன் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது, ஆக இங்கும் கருத்தடைப் பேச்சு உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைகள் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுகின்றன. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும், கருவின் சிறுநீரகம் வளரும் காலத்தில் இவை கூடாது, அதனால் முயற்சிக்கு முன்பே மாற்றிவிடுவது வழக்கம். ஆர்லிஸ்டாட் உணவின் கொழுப்பை உறிஞ்சவிடாமல் செய்யும், கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் கருத்தடை மாத்திரையும் வீணாகலாம்.

எடைக்காகத் தரப்படும் ஃபென்டர்மின், டோபிரமேட் கூட்டு மருந்துதான் இவற்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டியது. டோபிரமேட் கருவில் பட்டால் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பு கூடும். 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதே தொடங்கும் முன் ஒரு கர்ப்பப் பரிசோதனை, பிறகு மாதாமாதம் ஒன்று என்ற அறிவுரையோடுதான் வந்தது. தலைவலிக்கு டோபிரமேட் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் கவனம் பொருந்தும்.

எடை குறைந்த பிறகு பீரியட்ஸ் நின்றேவிட்டது. இது என்ன?

முதலில் கர்ப்பப் பரிசோதனை. அது இல்லை என்றால், நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று நேர்மையாகப் பாருங்கள். பசியே இல்லாததால் நாளெல்லாம் இரண்டு வாய் உணவோடு நிறுத்திக்கொண்டால், பஞ்சகாலம் என்று முடிவு செய்து மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். எடை இன்னும் அதிகமாகவே இருக்கும்போதும் இப்படி ஆகலாம். ஊசியின் அளவைக் குறைப்பது, புரதமும் இரும்புச்சத்தும் போதுமான அளவுக்கு எடுப்பது என்று சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள்.

எனக்கு 38 வயது. எடை குறைத்துவிட்டு ஐவிஎஃப்புக்கு (சோதனைக்குழாய் முறைக்கு) வாருங்கள் என்கிறார்கள். ஊசி போட்டுக் காத்திருக்கலாமா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எடை குறைந்தால் கர்ப்பகால சுகர், ரத்த அழுத்தம் போன்ற ஆபத்துகள் குறையும், அது பெரிய லாபம். ஆனால் 35-க்குப் பிறகு முட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும், அதை எந்த ஊசியும் திருப்பித் தராது. ஊசி தொடங்கி எடை குறைய ஆறு முதல் பன்னிரண்டு மாதம், அதற்கு மேல் நிறுத்திய பிறகு இரண்டு மாதம் என்றால் 39-ஐ நெருங்கிவிடுவீர்கள், அல்லது தாண்டியே விடுவீர்கள். 28 வயதில் அந்த ஒரு வருடம் பெரிதில்லை, 38-இல் பெரிது. ஏஎம்எச் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்து முட்டையிருப்பு எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள். முதலில் முட்டையோ கருவையோ எடுத்து உறையவைத்துவிட்டு, பிறகு எடையைக் குறைத்து, பிறகு கருவை வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

முட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்து தருவார்கள். நீங்கள் இந்த ஊசி போடுகிறீர்கள், அல்லது சமீபத்தில் போட்டிருந்தீர்கள் என்பதை மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போனாலும் உள்ளே உணவு தங்கியிருக்கக்கூடும், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு எடை சரியாகத்தான் இருக்கிறது, சுகரும் இல்லை. ஊசி போட்டால் சீக்கிரம் கர்ப்பம் ஆகுமா?

ஆகாது. இது குழந்தைப்பேறு மருந்து இல்லை, அதற்கென்று அனுமதியும் இல்லை. கருக்குழாய் அடைப்பு, எண்டோமெட்ரியோசிஸ், தைராய்டு, கணவரின் விந்தணுக் குறைவு, எதையும் இது தொடாது. அப்புறம், விந்துப் பரிசோதனை மிக எளிது, அதைச் செய்யாமல் பெண் மட்டும் வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நிறுத்தினால் எடை திரும்பிவிடாதா?

கணிசமாகத் திரும்பும். செமாகுளுடைட்டை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக அந்தப் பெரிய சோதனையின் தொடர்ச்சி காட்டியது. பசி திரும்புவது உங்கள் மனவுறுதியின் தோல்வி அல்ல, மருந்து போனதும் உடல் செய்யும் வேலை. கர்ப்பமும் எடை ஏறும் காலம்தான் என்பதால் நிறுத்தும் முன்பே உணவு ஆலோசகரைப் பார்ப்பதும், எடை எவ்வளவு ஏறலாம் என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு வைப்பதும் உதவும். எடை திரும்பும் பயத்தில் கர்ப்பத்திலும் ரகசியமாக ஊசியைத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பயத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது மறுபடி தொடங்கலாம்?

தாய்ப்பால் தரும்வரை பொதுவாகத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். குறிப்பாகச் செமாகுளுடைட் மாத்திரையை, ஏனென்றால் உறிஞ்சுதலுக்காக அதில் சேர்க்கும் பொருள் பாலில் சேரலாம் என்ற கவலை இருக்கிறது. மெட்ஃபார்மினும் இன்சுலினும் பால் கொடுக்கும்போது எடுக்கலாம். பாலை நிறுத்திய பின் ஊசியைத் திரும்பத் தொடங்கினால் பழைய அளவிலிருந்து தொடங்கக்கூடாது, மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற வேண்டும். அன்றைக்கே கருத்தடையையும் மறுபடி பேசிவிடுங்கள், பிரசவத்துக்குப் பிறகு முதல் பீரியட்ஸுக்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம்.